ஆஸ்பத்திரிக்கு வேண்டியது முகூர்த்தமா? ரஸ்தாவா?

நமது ஊருக்குப் பிள்ளைச்சாவடி என்று பெயர். புதுச்சேரியில் பிள்ளைப் பேற்றுக்கென்றே சர்க்கார் நடத்தும் ராஜீவ் காந்தி மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கும் இடத்துக்கு எல்லைப்பிள்ளைச்சாவடி என்று பெயர். பெயரை மட்டும் கேட்கிற வெளியூரார் இரண்டும் அடுத்தடுத்த தெருக்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள். உண்மை என்னவென்றால் நமது ஊர் பட்டணத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியோ பட்டணத்துக்கு மேற்கே இந்திரா காந்தி சதுக்கத்தின் பக்கம் இருக்கிறது. இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெயரில் இருக்கிற பொருத்தம் ரஸ்தாவில் இல்லை என்பதுதான் இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரும் ஒரே சர்க்காருடையதுகூட அல்ல. பிரெஞ்சுக்காரன் 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்தான். 1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் கைகழுவிவிட்டான். ஆனால் அவனும் இங்கிலீஷ்காரனும் சண்டை போட்டுப் பங்கு பிரித்தபோது கிழித்த கோடுகள் மாத்திரம் போகவில்லை. பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் புதுச்சேரி. தெற்கே போனால் பொம்மையார்பாளையம், பெரியமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம் எல்லாம் தமிழ்நாட்டு விழுப்புரம் ஜில்லா. அதைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. நோவு கண்ட ஒரு பெண் தன் வீட்டிலிருந்து தன் சர்க்காரின் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேறொரு சர்க்காரின் ரஸ்தா வழியாகப் போயாகவேண்டும்.

நமக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. காலாப்பட்டில் 1985 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நமது ஊரின் பெயரையே விலாசமாகக் கொண்ட இஞ்சினீரிங் காலேஜ் 2020-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவே ஆகிவிட்டது. சட்டக் கல்லூரி இருக்கிறது. மத்திய ஜெயிலும் இருக்கிறது. ஆகவே இஞ்சினீயராகவும், வக்கீலாகவும், குற்றம் செய்தால் கைதியாகவும் நமக்குச் சர்க்கார் செலவில் பக்கத்திலேயே வசதி உண்டு. வைத்தியத்துக்கு ஒரு சுகாதார நிலையம் உண்டு. பணம் உள்ளவர்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரியும் உண்டு. ஆனால் பணமில்லாத ஒரு பெண்ணுக்கு நடுராத்திரியில் பெரிய ஆபரேஷன் வேண்டுமென்றால் பட்டணத்துக்குத்தான் ஓடவேண்டும். எனவே புதிதாக ஒரு பொது ஆஸ்பத்திரி எங்கே வரவேண்டும், எந்த ரஸ்தா வழியாக ஜனங்கள் அதற்குப் போகவேண்டும், எப்போது திறக்கவேண்டும் என்ற கேள்விகள் உத்தியோகஸ்தர்களின் காகிதக் கேள்விகள் அல்ல. உயிர்க் கேள்விகள்.

இந்தக் கேள்விகளுக்கு நமது நாட்டில் யார் விடை சொல்லுகிறார்கள்? எப்போது என்ற கேள்விக்குப் பஞ்சாங்கக்காரர் விடை சொல்லுகிறார். அவர் விட்டால் மந்திரி வரும் தேதி விடை சொல்லுகிறது. எந்த வழி என்ற கேள்விக்கு நடு ரஸ்தாவில் குந்தியிருக்கும் கோயில் விடை சொல்லுகிறது. அது விட்டால் கடைக்காரர் பந்தல் விடை சொல்லுகிறது. நோயாளியை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

நாம் கண்ட ஒரு சம்பவம்

நாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் நமது சொந்தத்திலேயே ஒரு பெண்ணுக்கு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நோவு கண்டது. இரத்தமும் பட்டது. ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டோம். வண்டி வாசலுக்கு வருவதற்குள் பத்தரை ஆகிவிட்டது. வீட்டுப் பெரியம்மா குறுக்கே வந்து நின்று, “வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். தலைப்பிள்ளைக்காரியை ராகுகாலத்திலே வாசப்படி தாண்ட விடமாட்டேன். ஒன்றரை மணிநேரத்தில் என்ன குடிமுழுகிப் போகும்?” என்றார். நாம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். வாசற்படியில் ஒரு பகுத்தறிவுப் பிரசங்கமே நடந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் பெரியம்மா பக்கம் நின்றார்கள். பிரசங்கம் தோற்றது.

பன்னிரண்டு அடித்தபின் புறப்பட்டோம். வழியில் ஓர் ஊரில் கூழ் வார்க்கும் திருவிழா. ரஸ்தாவின் முழு அகலத்துக்கும் பந்தல். அதற்கு முன்னால் அம்மன் வண்டி. அதற்கு முன்னால் மேளம். கெஞ்சியும் பார்த்தோம், கூச்சலும் போட்டுப் பார்த்தோம். “அம்மன் தாண்டட்டும், அப்புறம் போங்கள்” என்றார்கள். அங்கே ஒரு அரை மணிக்கு மேல் போயிற்று. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மாள் கேட்ட முதற்கேள்வி, “இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்பதுதான். அதற்கு நம்மிடம் சொல்லத்தக்க பதில் இல்லை. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் பெரியம்மா என்ன சொன்னார் தெரியுமா? “நல்ல வேளை, ராகுகாலம் கழித்துப் புறப்பட்டோம். இல்லாவிட்டால் தாயும் போயிருப்பாள்” என்றார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவர் கெட்டவர் அல்ல. அந்தப் பிள்ளைக்காக எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் அவரே. ஆனால் அவர் பிடித்திருந்த நம்பிக்கையின் குணத்தைப் பாருங்கள். பிள்ளை பிழைத்திருந்தால் நேரம் பார்த்ததால் பிழைத்தது. பிள்ளை செத்ததால், நேரம் பார்த்ததால் தாயாவது மிஞ்சினாள். எது நடந்தாலும் தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்கவே முடியாது. சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றிடம் உயிரை ஒப்படைக்கலாமா?

ராகுவுக்கு ஒன்றரை, வைத்தியருக்கு அரை

இனி நேரத்தைக் கணக்காகவே பார்ப்போம். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு கடுமையாகி அதை நிறுத்தாமல் விட்டால் சுமார் இரண்டு மணி நேரத்தில் தாய் செத்துப்போகலாம் என்பது வைத்திய உலகம் கண்ட உண்மை. ராகுகாலமோ ஒன்றரை மணி. இரண்டு மணியில் ஒன்றரையை ராகுவுக்குக் கொடுத்துவிட்டால் வைத்தியருக்கு மிஞ்சுவது அரை மணி. அந்த அரை மணியும் கோட்டக்குப்பத்து நெரிசலிலேயே போய்விடும்.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவனுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குக் கை கால் மிஞ்சும். கடலில் மூழ்கி மூச்சு நின்றவனுக்கோ மணிக்கணக்கே கிடையாது, நிமிஷக் கணக்குத்தான். கடலை நம்பி வாழும் குப்பத்து ஜனங்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நோய்களில் எதுவாவது பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறதா? வருகிறபோது நேரம் பார்க்காத நோய்க்கு, போகிறபோது மாத்திரம் நாம் ஏன் நேரம் பார்க்கவேண்டும்?

சரி, அந்த ராகு யார் என்று விசாரிப்போம். ராகு என்று ஒரு கிரகம் ஆகாயத்தில் இல்லை. எந்தத் தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கும் அது அகப்பட்டதில்லை. வானத்தில் சூரியன் போவதாகத் தோன்றும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்கு ராகு, கேது என்று பெயர் வைத்தார்கள். கிரகணத்தைக் கணக்கிட அந்தப் புள்ளிகள் பிரயோஜனப்படும். அந்த மட்டில் அது கணிதம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புள்ளி வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு வந்து பிள்ளைச்சாவடியில் ஒரு பெண்ணின் வாசற்படியில் உட்கார்ந்துகொள்ளும் என்பது எந்தக் கணிதத்தில் இருக்கிறது?

சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டுப் பங்காக்கி, திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு, வெள்ளிக்கு நாலாம் பங்கு என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். இந்த வரிசைக்குக் காரணம் என்ன என்று கேட்டால் பெரியவர்கள் சொன்னது என்பதற்குமேல் ஒரு பதிலும் இல்லை. புதுச்சேரிக் குடும்பங்களில் பலருக்குப் பிரான்சு தேசத்தில் மகனோ மகளோ இருக்கிறார்கள். பாரீசில் கோடைக்காலப் பகல் பதினாறு மணி நேரம். குளிர்காலப் பகல் எட்டு மணி நேரம். அப்படியானால் அங்கே ராகுவுக்குக் கோடையில் இரண்டு மணி வேலை, குளிரில் ஒரு மணி வேலை என்று ஆகிறது. ஐரோப்பாவின் வடகோடியில் சில மாதங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. அங்கே ராகுவுக்கு முழுச் சம்பளத்துடன் லீவு போலும்! உத்தியோகஸ்தருக்காவது ஊருக்கு ஊர் வேலை நேரம் மாறும்; ஆகாயத்துக் கிரகத்துக்கும் மாறுமா?

ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் சேர்த்தால் பகல் பன்னிரண்டு மணியில் மூன்று மணி போயிற்று. அதாவது நாலில் ஒரு பங்கு. அஷ்டமி, நவமி, கரிநாள், ஆடி, மார்கழி என்று தள்ளிக்கொண்டே போனால் ஒரு ஆஸ்பத்திரியைத் திறக்க வருஷத்தில் மிஞ்சும் நேரத்தை விரலில் எண்ணிவிடலாம். இதில் இன்னொரு வேடிக்கை. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்று அதே பஞ்சாங்கக்காரர்கள் சொல்லுகிறார்கள். இது மெய்யானால் சர்க்கார் வேறு பட்ஜெட்டே போடவேண்டாம். ஒரே ஒரு ஆஸ்பத்திரிக்குக் குளிகையில் அஸ்திவாரம் போட்டுவிட்டால் போதும். மற்ற ஊர்களில் எல்லாம் தானாக ஆஸ்பத்திரி முளைத்துக்கொள்ளும். ஏன் ஒருவரும் செய்து பார்க்கவில்லை? தங்கள் பேச்சில் தங்களுக்கே நம்பிக்கையில்லை என்பதுதானே காரணம்?

அஸ்திவாரக் கல்லும் ஆஸ்பத்திரியும்

நல்ல நாளில் கல் வைத்துவிட்டால் கட்டடம் தானாக எழுந்துவிடாது என்பதற்கு மதுரையைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கு ஒரு எய்ம்ஸ் ஆஸ்பத்திரி என்று மத்திய சர்க்கார் 2015 பிப்ரவரி பட்ஜெட்டில் சொல்லியது. செங்கல்பட்டா, புதுக்கோட்டையா, தஞ்சையை அடுத்த செங்கிப்பட்டியா, பெருந்துறையா, மதுரைத் தோப்பூரா என்று ஐந்து இடங்களின் பெயர் அடிபட்டு, தோப்பூர் என்று முடிவாக 2018 ஜூன் ஆயிற்று. 2019 ஜனவரி 27-ந் தேதி பிரதம மந்திரி வந்து அஸ்திவாரம் நாட்டினார். அதற்குப் பிறகுதான் பணத்துக்கு வழி தேடும் வேலை நடந்தது. ஜப்பானியக் கடனுக்கு 2021-ல் கையெழுத்தாயிற்று. 1,264 கோடி ரூபாய் என்ற மதிப்பு 1,977 கோடியைத் தாண்டியது. 2022-ல் ஐம்பது மாணவர்களைச் சேர்த்து, மதுரையில் கட்டடம் இல்லாததால் ராமநாதபுரத்து மருத்துவக் கல்லூரியில் குடிவைத்தார்கள். கட்டட வேலை 2024-ல்தான் துவங்கிற்று. அஸ்திவாரம் நாட்டி ஐந்து வருஷம் வரை அந்தக் கல்லில் ஒரு நோயாளி உட்கார்ந்து இளைப்பாறலாமே தவிர வைத்தியம் பார்த்துக்கொள்ள முடியாது.

இதில் கவனிக்கவேண்டியது என்ன? தோப்பூர் நாலுவழி நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறது. அதாவது ரஸ்தா சரியாக இருந்தது. காலம்தான் சரியாக இல்லை. காலத்தைக் கெடுத்தது எந்தக் கிரகமும் அல்ல. பணத்துக்கு வழி செய்யுமுன் விழாவுக்கு வழி செய்ததுதான் கெடுத்தது.

சென்னைக் கிண்டியில் ஆயிரம் படுக்கை கொண்ட கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரிக்கு 2022 மார்ச்சில் கல் நாட்டி 2023 ஜூன் 15-ந் தேதி திறந்தார்கள். பதினைந்து மாதத்தில் முடிந்தது. பணமும் உத்தரவும் கையில் இருந்தால் சர்க்காராலும் முடியும் என்பதற்கு இது அத்தாட்சி. ஆனால் நமக்குப் பிடித்தமான ஆட்சி என்பதற்காக உள்ளதை மறைக்க வேண்டியதில்லை. முதலில் ஜூன் 5-ந் தேதி ஜனாதிபதி வந்து திறப்பதாக இருந்து, அவர் வர இயலாமற் போகவே தேதி தள்ளிப்போயிற்று. பத்து நாள் என்பது சொற்பம் என்று சொல்லலாம். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவனுக்குப் பத்து நாள் சொற்பமல்ல. பஞ்சாங்கத்துக்காகக் காத்திருப்பதற்கும் பெரிய மனிதருக்காகக் காத்திருப்பதற்கும் நோயாளியைப் பொறுத்தவரையில் வித்தியாசம் கிடையாது.

நமது ஜிப்மரை எடுத்துக்கொள்ளுங்கள். 1823-ல் பிரெஞ்சுக்காரன் வைத்த வைத்தியப் பள்ளிக்கூடத்தின் வழிவந்தது அது. கோரிமேட்டில் இன்றுள்ள ஸ்தாபனத்தை ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது 1964 ஜூலை 13-ந் தேதி. பதின்மூன்று என்றால் வெள்ளைக்காரனுக்கு அச்சம். ஓட்டலில் பதின்மூன்றாம் நம்பர் அறைகூட வைக்கமாட்டான். அந்தத் தேதியில் திறந்த ஆஸ்பத்திரிக்குத் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் ஜனங்கள் விடியுமுன்னே வந்து வரிசையில் நிற்கிறார்கள். தேதி ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இருக்கும் வைத்தியரும் மருந்தும்தான் செய்கின்றன.

பாதை யாருடையது?

இனி ரஸ்தாவுக்கு வருவோம். பொது ரஸ்தா யாருடையது என்ற கேள்வி நமது இயக்கத்துக்குப் புதியதல்ல. 1924-ல் வைக்கத்தில் நடந்தது என்ன? கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நாய் போகலாம், பன்றி போகலாம், தீண்டாதவன் என்று சொல்லப்பட்ட மனிதன் மாத்திரம் போகக்கூடாது என்றார்கள். பெரியார் அங்கே போய் இருமுறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்து மூன்று பக்கத்து ரஸ்தாக்கள் எல்லோருக்கும் திறந்தன. அந்தச் சண்டை கோயிலுக்குள் போக அல்ல, நடந்துபோக. ஜனங்கள் வரியில் போட்ட ரஸ்தாவில் ஜனங்கள் போவதற்குச் சாமி தடை சொல்லக்கூடாது என்பதே அதன் சாரம்.

அந்தச் சாரம் இன்னும் நமது ரஸ்தாக்களுக்கு வந்து சேரவில்லை. பொது ரஸ்தாவிலும் பூங்காவிலும் புதிதாகக் கோயிலோ, மசூதியோ, சர்ச்சோ, குருத்வாராவோ கட்டவிடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2009 செப்டம்பர் 29-ந் தேதி உத்தரவிட்டது. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்தார்கள். சைக்கிளில் மீன்கூடை கட்டிக்கொண்டு போகிறவன்கூட ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடுகிறான். தேரில் உட்கார்ந்திருக்கும் சாமிதான் ஒதுங்குவதில்லை. சாமிக்கு என்ன அவசரம்? போன வருஷமும் வந்தது, இந்த வருஷமும் வருகிறது, வருகிற வருஷமும் வரும். பின்னால் ஆம்புலன்சில் கிடப்பவனுக்கு வருகிற வருஷம் உண்டா என்பதல்லவா கேள்வி?

சாமிக்கு மட்டும் இந்தப் புத்தியைச் சொல்லிவிட்டு நாம் ஓடிவிடவில்லை. கட்சிக்காரர் வைக்கும் வளைவும், கல்யாண வீட்டார் வைக்கும் பேனரும், தலைவர் ஊர்வலமும், நமது சொந்தக் கூட்டத்துக்குப் போடும் மேடையும் ரஸ்தாவை அடைத்தால் அதுவும் அதே குற்றந்தான்.

முடிவு செய்யவேண்டிய காலம்

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறோம் என்றால், ரஸ்தாக்கள் முடிவாகிற காலம் இதுவே என்பதால்தான். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டர் நாலுவழிச் சாலைக்கு 2,157 கோடி ரூபாய் என்று மத்திய மந்திரிசபை 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் அக்டோபர் 13-ந் தேதி இந்திரா காந்தி சதுக்கத்துக்கும் ராஜீவ் காந்தி சதுக்கத்துக்கும் இடையில் சுமார் 4 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அஸ்திவாரம் நாட்டினார்கள். மதிப்பு 436 கோடி. நல்ல காரியங்கள். நாம் வரவேற்கிறோம். ஆனால் நமது வடகரை ஜனங்கள் எல்லைப்பிள்ளைச்சாவடிக்குப் போகும் வழியே அந்த இரண்டு சதுக்கங்கள்தான். பாலம் முடிந்த பிறகு வழி சுகமாக இருக்கலாம். பள்ளம் தோண்டித் தூண் எழுப்புகிற காலத்தில் ஆம்புலன்ஸ் எவ்வழி போகும்? அந்த இடைக்காலத்தில் பிறக்கவேண்டிய பிள்ளைகள் பாலம் முடிகிறவரை வயிற்றிலேயே காத்திருக்குமா?

காரண காரியம் பார்க்காமல் பொதுக் காரியத்தை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை நமது ஊர் தன் உடம்பிலேயே அனுபவித்திருக்கிறது. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980-களில் கடலில் கல்லணை போட்டார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல்லணை அதைத் தடுத்தது. தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே கரை மணல் வராமல் தேய்ந்தது. பட்டணத்துக் கடற்கரையில் தொடங்கிய அரிப்பு வடக்கே ஏறி ஏறி நமது பக்கத்துக் குப்பங்களின் வாசலுக்கும் வந்தது. கடலம்மாவின் கோபம் என்று பூஜை போட்டவர்கள் உண்டு. மணலின் கணக்குத்தான் அங்கே வேலை செய்ததே ஒழிய, கோபம் அல்ல. துறைமுகத்தை முடிவு செய்தபோது கேட்காமல் விட்ட கணக்கை ஆஸ்பத்திரியை முடிவு செய்யும்போதாவது கேட்கவேண்டாமா?

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். “கடலுக்குப் போகிறவன் அமாவாசை, பௌர்ணமி பார்க்கிறானே, அதுவும் மூடநம்பிக்கையா?” என்பார்கள். அல்ல. சந்திரனின் இழுப்பால் கடல் ஏறி இறங்குகிறது. அதை அளக்கலாம், நாளைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லலாம், சொன்னது தப்பினால் கண்டுபிடிக்கலாம். ராகுகாலத்தில் இதில் எது முடியும்? சந்திரனைப் பார்க்காதே என்று நாம் சொல்லவில்லை. அளந்து பார் என்றுதான் சொல்லுகிறோம்.

“நம்பிக்கை மனதுக்கு ஒரு ஆறுதல், அதை ஏன் கெடுக்கிறீர்கள்?” என்று மற்றொரு ஆட்சேபணை. உங்கள் வீட்டு வாசலில், உங்கள் காசில், உங்கள் சொந்தக் காரியத்துக்கு நேரம் பார்த்தால் புத்தி சொல்லுவோமே தவிர தடுக்க வரமாட்டோம். ஆனால் ஆஸ்பத்திரி இந்துவுக்கும், முஸ்லீமுக்கும், கிறிஸ்தவனுக்கும், ஒன்றும் இல்லாத நமக்கும் பொது. அதன் நேரத்தை ஒரு பஞ்சாங்கம் முடிவு செய்வது எப்படி நியாயம்? விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று அரசியல் சட்டத்திலேயே, 42-வது திருத்தத்தின் மூலம், 1976-ல் எழுதிவைத்தார்கள். பிரஜைக்குக் கடமையென்றால் சர்க்காருக்கு மாத்திரம் விலக்கா? புரோகிதரும் முகூர்த்தமும் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்று தமிழ்நாட்டில் 1967-லும், புதுச்சேரியில் 1971-லும் சட்டமாயிற்று. கல்யாணத்துக்கே முகூர்த்தம் வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட நாட்டில் ஆஸ்பத்திரிக்கு முகூர்த்தம் எதற்கு?

என்ன செய்யவேண்டும்?

குறை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நமது வழக்கமல்ல. ஆகவே சர்க்காரும், உழவர்கரை நகராட்சியும், ஊராரும் கவனிக்கவேண்டிய சில காரியங்களைச் சொல்லுகிறோம்.

1. காலாப்பட்டு, பிள்ளைச்சாவடிப் பக்கத்தில் இராப்பகல் பிரசவ ஆபரேஷன் செய்யத்தக்க, இரத்தம் சேமித்து வைத்த ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி வேண்டும். இடத்தை முடிவு செய்யும்போது வாஸ்துவையும், யாருடைய நிலம் விலை ஏறும் என்பதையும் பார்க்காமல், குப்பத்தின் கடைசி வீட்டிலிருந்து எத்தனை நிமிஷம் என்று வண்டி ஓட்டிப் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

2. கட்டடத்துக்குச் செங்கல் வைக்குமுன் ரஸ்தாவைப் போடவேண்டும். ஆம்புலன்சுக்குத் தனி வாசல். நாலுவழிச் சாலையின் நடுத்திட்டில் ஆஸ்பத்திரிக்கு நேராகத் திரும்பும் வழி. கடையும் கோயிலும் முளைக்காத ஓரம். ராத்திரியிலும் வாசல்வரை வரும் பஸ்.

3. பாலம் கட்டுகிற காலத்துக்கு ஆம்புலன்ஸ் வழி இன்னது என்று புதுச்சேரி சர்க்காரும் தமிழ்நாட்டு சர்க்காரும் கூடிப் பேசி முன்னதாகவே அறிவிக்கவேண்டும். நோவுக்கு எல்லைக்கோடு தெரியாது.

4. வெளிநோயாளி நேரத்தைக் காலையில் மாத்திரம் வைத்தால், விடியலில் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கும் பெண்ணுக்கு ஒரு நாள் சோறு போகிறது. சாயங்காலமும் வைத்தியம் பார்க்கவேண்டும். பார்க்கவேண்டிய நல்ல நேரம் ஒன்று உண்டென்றால் அது ஏழைக்குக் கூலி போகாத நேரம்தான்.

5. எந்தப் பகுதி தயாராகிறதோ அந்தப் பகுதியை அன்றே திறக்கவேண்டும். அவசர சிகிச்சைப் பகுதியை எல்லாவற்றுக்கும் முன் திறக்கவேண்டும். மந்திரி பிற்பாடு சாவகாசமாக வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். திறந்துவைக்க ஒரு ஆள் வேண்டுமென்றால், இருபது முப்பது வருஷம் பிரசவ வார்டைக் கழுவிய ஒரு தொழிலாளி அம்மாளைக் கூப்பிடலாம்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் எத்தனை நல்ல ரஸ்தா போட்டாலும் அது நமது வீட்டு வாசற்படியில்தான் தொடங்குகிறது. அந்த வாசற்படியில் ராகு உட்கார்ந்திருந்தால் நாலுவழிச் சாலை இருந்தும் பிரயோஜனமில்லை. மேலே சொன்ன பெரியம்மா இப்போது இல்லை. அவருடைய பேத்திக்குச் சென்ற வருஷம் நோவு கண்டது. செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி, சுத்தமான ராகுகாலம். பழைய வேதனையை மறக்காத அந்தப் பெண்ணின் தாய், ஒருவரையும் கேட்காமல், நாட்காட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல், பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். வழியில் திருவிழாவும் இல்லை. நாலரை மணிக்கு, ராகுகாலம் முடிகிற நேரத்தில், ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம்.

இது ராகுகாலத்தின் மகிமை என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால் நாமும் ஒரு பஞ்சாங்கக்காரராகிவிடுவோம். சீக்கிரம் போனார்கள், வழி இருந்தது, வைத்தியர் இருந்தார். இம்மூன்றும் இருந்ததால் பிள்ளை பிழைத்தது. இந்த மூன்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்து கொடுப்பதுதான் சர்க்காரின் வேலை. கேட்டு வாங்குவது நமது வேலை.